ஓர் உறுப்பினர், மூன்று உணவுச் சட்டங்கள்: கலிஃபோர்னியா மசோதாக்களை எந்தத் தளத்தில் பின்தொடர்வது?

2023ஆம் ஆண்டு அமெரிக்கச் செய்திகளில் ‘ஸ்கிட்டில்ஸ் தடை’ என்ற பெயர் நிறையவே அடிபட்டது. கலிஃபோர்னியா சட்டமன்றத்தின் கீழவையான அசெம்பிளியின் உறுப்பினர் ஜெஸ்ஸி கேப்ரியல் கொண்டுவந்த ஏபி 418 (ஏபி என்றால் அசெம்பிளி மசோதா) என்ற மசோதாவுக்கு ஊடகங்கள் வைத்த பெயர் அது. தாக்கலானபோது அது ஐந்து சேர்மானங்களைத் தடை செய்யச் சொன்னது: பொட்டாசியம் புரோமேட், புரோமின் சேர்த்த தாவர எண்ணெய், புரோப்பைல்பாரபென், ரெட் 3 சாயம், டைட்டானியம் டை ஆக்சைடு. ஸ்கிட்டில்ஸ் மிட்டாயை இந்த விவகாரத்துக்குள் இழுத்து வந்தது கடைசியாகச் சொன்ன டைட்டானியம் டை ஆக்சைடுதான்.

மசோதா மேலவையான செனட்டுக்குப் போன பிறகு அந்த ஒன்று பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அமலுக்கு வரும் தேதியும் 2025 ஜனவரியிலிருந்து 2027 ஜனவரி 1க்குத் தள்ளிப் போனது. அக்டோபர் 7 அன்று கவர்னர் கேவின் நியூசம் கையெழுத்திட்டபோது அந்தச் சட்டத்தில் ஸ்கிட்டில்ஸைத் தடுக்கும் எதுவும் இல்லை. ஐரோப்பாவில் விற்கும் ஸ்கிட்டில்ஸ் பாக்கெட் ஒன்றையே தன் குறிப்போடு இணைத்து, இந்த மிட்டாயை வேறு சேர்மானத்தில் செய்ய முடிகிறது பாருங்கள் என்று நியூசம் காட்டினார். ஆனாலும் பல தலைப்புகளில் ‘ஸ்கிட்டில்ஸ் தடை’ அப்படியே நின்றது.

மசோதாக்களைப் பின்தொடரும் தளங்களை ஒப்பிடும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: பட்டியலிலிருந்து ஒரு பெயர் உருவப்பட்ட அந்த மாற்றத்தை எந்தத் தளம் என் கண்ணில் படும்படி வைக்கிறது? ‘நிலுவையில்’, ‘நிறைவேறியது’ என்று நிலையைச் சொல்ல எல்லாத் தளங்களுக்கும் தெரியும். உள்ளே என்ன மாறியது, யார் வாய்மூடி இருந்தார்கள் என்பதுதான் பள்ளிப் பிள்ளைகளின் தட்டுவரை வரும் விஷயம்.

கேப்ரியலை உதாரணமாக எடுப்பதற்குக் காரணம் உண்டு. 418க்கு அடுத்த ஆண்டே ஏபி 2316 வந்தது. ரெட் 40, யெல்லோ 5, யெல்லோ 6, புளூ 1, புளூ 2, கிரீன் 3 ஆகிய ஆறு சாயங்களை அரசுப் பள்ளி உணவிலிருந்து விலக்கும் சட்டம் அது. 2024 செப்டம்பரில் கையெழுத்தானது, 2027 டிசம்பர் 31இலிருந்து அமல். அப்புறம் 2025 அக்டோபரில் ஏபி 1264. மிகையாகப் பதப்படுத்திய உணவு எது என்று சட்டத்திலேயே வரையறுத்து, அவற்றில் கெடுதல் அதிகமானவற்றைப் பள்ளிகளிலிருந்து படிப்படியாக வெளியேற்றச் சொல்கிறது. குடியரசுக் கட்சியின் அசெம்பிளித் தலைவராக இருந்த ஜேம்ஸ் கல்லகரும் இதில் சேர்ந்து நின்றார். உடல்நலம், நுகர்வோர் பாதுகாப்பு என்ற இரண்டு வழியிலும் ஒரே உறுப்பினர் ஆண்டுதோறும் ஒரு படி முன்னே வைப்பதைப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

நம்மூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி சாயம் கலந்த பஞ்சு மிட்டாயைத் தமிழ்நாடு தடை செய்தது உணவுப் பாதுகாப்புத் துறையின் உத்தரவால். ஆய்வக முடிவு வந்தது, உத்தரவு வந்தது, முடிந்தது. கலிஃபோர்னியாவின் தலைநகரான சாக்ரமெண்டோவில் அதே மாதிரி ஒரு காரியம் மசோதாவாகப் போனது. பிப்ரவரியில் தொடங்கி அக்டோபர்வரை பல குழுக்கள், இரண்டு அவைகள், திருத்தங்கள். பின்தொடர நிறைய இருப்பதும், வழியில் நிறையக் காணாமல் போவதும் அதனால்தான்.

அரசின் சொந்தத் தளம்

கலிஃபோர்னியா தன் மசோதாக்களை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட 1993லேயே சட்டம் போட்ட மாநிலம். அப்போது அசெம்பிளியில் இருந்த டெப்ரா போவன் கொண்டுவந்தது அது. அந்த வழியில் வந்த லெஜ்இன்ஃபோ தளத்துக்கு அழகு கிடையாது. பெட்டிகளும் தாவல்களும் பழைய வங்கிப் படிவம் போல இருக்கும். ஆனால் டைட்டானியம் டை ஆக்சைடு கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேறெங்கும் இல்லை.

மசோதா எண்ணைப் போட்டுத் திறந்து, பதிப்புகளை ஒப்பிடும் தாவலுக்குப் போங்கள். செனட்டில் திருத்திய பதிப்பையும் அதற்கு முந்தையதையும் தேர்ந்தெடுங்கள். நீக்கிய சொற்கள் சிவப்பில் குறுக்குக்கோடு போட்டும், சேர்த்த சொற்கள் நீலச் சாய்வெழுத்திலும் வரும். ஏபி 418ஐ அப்படித் திறந்தால் பட்டியலில் ஒரு பெயர் அடிபட்டுக் கிடப்பதும், ஆண்டின் கடைசி இலக்கம் மாறியிருப்பதும் ஒரே திரையில் தெரியும். செய்தி எழுதியவர்கள் இந்த ஒரு திரையைத் திறந்திருந்தால் தலைப்பு மாறியிருக்கும்.

இன்னொரு புதையல் குழு ஆய்வறிக்கை. ஒவ்வொரு குழுவிலும் மசோதா விசாரணைக்கு வரும்போது குழுவின் ஊழியர்கள் எழுதும் அறிக்கை அது. இன்றைய சட்டம் என்ன, மசோதா என்ன மாற்றுகிறது, செலவு என்ன என்று சாதாரண மொழியில் இருக்கும். கடைசிப் பக்கத்தில் ஆதரவாளர்கள், எதிர்ப்பாளர்கள் பட்டியல். 418க்குப் பின்னால் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பும் என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பும் நின்றதும், மிட்டாய் உற்பத்தியாளர் சங்கம் எதிர்த்ததும் அந்த வகைப் பக்கங்களிலிருந்து தெரிகிறவைதான். முதலில் அதைப் படித்துவிட்டு மசோதாவின் வாசகத்துக்குப் போவதே என் வழக்கம்.

குறைகளும் உண்டு. ஓர் உறுப்பினரின் மசோதாக்கள் மொத்தமும் வேண்டுமென்றால் விரிவான தேடலுக்குள் போய், கூட்டத்தொடரையும் ஆசிரியர் பெயரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். கூட்டத்தொடர் விஷயத்தில் கவனம் தேவை: இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்கள் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். 2023–24இன் ஏபி 418 வேறு, 2025–26இன் ஏபி 418 முற்றிலும் வேறு. கணக்குத் தொடங்கினால் மசோதாவைப் பின்தொடர்ந்து மின்னஞ்சல் பெறலாம். ஆனால் குழுவில் நடந்த பேச்சு இங்கே இருக்காது.

லெஜிஸ்கேன்

ஐம்பது மாநிலங்களையும் அமெரிக்கக் காங்கிரஸையும் ஒரே வடிவத்தில் தருவது லெஜிஸ்கேனின் பலம். உறுப்பினர் பெயரைச் சொடுக்கினால் அவர் பெயரில் உள்ள மசோதாக்கள் கடைசி நடவடிக்கையோடு வரிசையாக வரும். அரசுத் தளத்தில் நாலு படி ஏறிப் பெறுவதை இங்கே ஒரே படியில் பெறலாம். கட்டணமில்லாக் கணக்குக்கு வரம்பு உண்டு. ஓர் உறுப்பினரை மட்டும் கவனிக்கும் பெற்றோருக்கு அதுவே தாராளம்.

இதன் உண்மையான பயன் மாநில எல்லையைத் தாண்டும்போது தெரியும். கலிஃபோர்னியாவுக்குப் பிறகு பல மாநிலங்களில் இதே மாதிரி மசோதாக்கள் கிளம்பின. மேற்கு வர்ஜீனியா 2025 மார்ச்சில் சாயங்கள் சிலவற்றைத் தடுக்கும் சட்டத்தையே நிறைவேற்றியது. ‘ரெட் 40’ என்று ஒருமுறை தேடி எல்லா மாநிலத்தையும் பார்ப்பதற்கு லெஜ்இன்ஃபோ உதவாது.

ஆனால் திருத்தம் வந்த நாளில் லெஜிஸ்கேன் வரலாற்றில் நமக்குக் கிடைப்பது ‘இரண்டாம் முறை வாசித்து, திருத்தப்பட்டது’ என்கிற மாதிரி ஒரு வரி. எது திருத்தப்பட்டது என்று அந்த வரி சொல்லாது. மின்னஞ்சலில் அந்த வரியைப் பார்த்ததும் அரசுத் தளத்துக்குப் போகிறவருக்கு லெஜிஸ்கேன் அருமையான மணி. மணியோசையோடு நிறுத்திக்கொள்பவர் ஸ்கிட்டில்ஸ் தலைப்பையே நம்பிக்கொண்டிருப்பார்.

ஓப்பன் ஸ்டேட்ஸ்

இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். சன்லைட் ஃபவுண்டேஷன் 2009இல் தொடங்கி வளர்த்த திட்டம், இப்போது புளூரல் என்ற நிறுவனத்தின் கையில் இருக்கிறது. மாநிலத் தளங்களிலிருந்து தகவலைத் திரட்டும் நிரல் வெளிப்படையாகக் கிடைக்கிறது. நிரல் எழுதத் தெரிந்தவர் கேப்ரியலின் எல்லா மசோதாக்களையும் அட்டவணையாக இறக்கி, தனக்கு வேண்டிய சொற்களை வைத்துச் சல்லடை போடலாம். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் மென்பொருள் வேலை செய்யும் தமிழ்ப் பெற்றோர் ஒருவர் தன் பள்ளி மாவட்டத்துக்காக வார இறுதியில் இதைச் செய்து கொடுத்தால் அது பெரிய சேவை. மற்றவர்களுக்கு லெஜிஸ்கேனே போதும்.

டிஜிட்டல் டெமாக்ரசி

எனக்கு மனதுக்கு நெருக்கமானது இதுதான். முன்னாள் மாநில செனட்டர் சாம் பிளேக்ஸ்லி கால் பாலி பல்கலைக்கழகத்தில் 2015இல் தொடங்கிய முயற்சியை, கால்மேட்டர்ஸ் என்ற லாப நோக்கமற்ற செய்தி நிறுவனம் எடுத்து 2024 ஏப்ரலில் புதிதாக வெளியிட்டது. மாநிலத்தின் 120 உறுப்பினர்களுக்கும் தனித்தனிப் பக்கம். மசோதாக்கள், வாக்குகள், வாங்கிய நன்கொடைகள், அப்புறம் குழு விசாரணைகளில் பேசியவை எழுத்து வடிவில். தேடிய சொல் வந்த இடத்திலிருந்தே காணொளியை ஓடவிடலாம்.

வாக்கு விஷயத்தில் ஒரு நுணுக்கம் தெரிந்திருக்க வேண்டும். அசெம்பிளியில் சாதாரண மசோதா நிறைவேற 80இல் 41 வாக்கு வேண்டும், செனட்டில் 40இல் 21. வந்திருப்பவர்களில் பெரும்பான்மை போதாது, மொத்த எண்ணிக்கையில் பெரும்பான்மை வேண்டும். ஆகவே வாக்கே போடாமல் உட்கார்ந்திருப்பதும் எதிர்த்துப் போடுவதும் விளைவில் ஒன்றுதான். எதிர்த்தேன் என்ற பதிவு மட்டும் இருக்காது. அரசுத் தளம் ‘வாக்குப் பதிவாகவில்லை’ என்று பெயர்களை அடுக்கும், ஆனால் மசோதா மசோதாவாகத் திறந்து பார்க்க வேண்டும். ஓர் உறுப்பினர் எத்தனை முறை இப்படி நழுவினார் என்று மொத்தமாகப் பார்க்க முடிந்ததாலேயே கால்மேட்டர்ஸ் இதை வைத்து நல்ல செய்திகளை எழுதியது. நுகர்வோர் மசோதாக்களில் இது முக்கியம். தொழில்துறையைப் பகைக்கவும் மனமில்லை, பெற்றோரைப் பகைக்கவும் மனமில்லை என்பவர்களுக்கு மௌனம் வசதியான புகலிடம்.

பேச்சை எழுத்தாக்குவது இயந்திரம். வேதிப்பொருள் பெயர்கள் தடுமாறக்கூடும். மேற்கோள் காட்டுவதற்கு முன் காணொளியைக் கேட்டுவிடுவது நல்லது.

எந்தத் தளமும் திறக்காத அறை ஒன்று இருக்கிறது. செலவு வைக்கும் மசோதாக்கள் நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் நிறுத்திவைப்புக் கோப்புக்குப் போகும். அசெம்பிளியில் ஆண்டுக்கு 1,50,000 டாலருக்கு மேல் செலவு என்றால் பொதுவாக அங்கேதான். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மசோதாக்களின் விதியை விவாதமின்றி வாசித்துவிட்டுப் போவார்கள். லெஜ்இன்ஃபோவில் ‘குழுவில் நிறுத்தி வைக்கப்பட்டது’ என்ற ஒரு வரி, லெஜிஸ்கேனில் அதே வரி. டிஜிட்டல் டெமாக்ரசியில் வாசித்த குரலாவது இருக்கும், காரணம் இருக்காது. காரணம் வேண்டுமென்றால் உறுப்பினர் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டியதுதான். தொகுதிக்காரர் என்று சொல்லிக் கேளுங்கள், கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

சரி, ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால்? லெஜ்இன்ஃபோ. தயக்கமே இல்லை. இரண்டு என்றால் டிஜிட்டல் டெமாக்ரசியைச் சேர்ப்பேன். லெஜிஸ்கேன் எனக்கு மூன்றாவது, வேறு மாநிலத்தில் உறவினர் குழந்தைகள் படிக்கும் வீட்டுக்கு அது இரண்டாவதாக ஏறிவிடும்.

இந்தத் தளங்கள் எல்லாமே கவர்னர் கையெழுத்தோடு வேலையை முடித்துக்கொள்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஏபி 418 ‘2023இன் 328ஆவது சட்டம்’ என்று பதிவானதும் கோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகுதான் அமெரிக்க மத்திய அரசின் உணவு மருந்து நிர்வாகம் புரோமின் சேர்த்த எண்ணெய்க்கான அனுமதியை 2024 ஜூலையிலும், ரெட் 3க்கான அனுமதியை 2025 ஜனவரியிலும் ரத்து செய்தது. மசோதாப் பக்கத்தில் இவற்றின் சுவடே தெரியாது. ஏபி 1264இல் இது இன்னும் கூர்மை. எந்த உணவு ‘கெடுதல் அதிகமானது’ என்பதை மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை 2028 ஜூன் 1க்குள் விதிகளாக எழுத வேண்டும். 2029 ஜூலையில் பள்ளிகள் விலக்கத் தொடங்கும், 2035 ஜூலைக்குள் முழுத் தடை. உணவு நிறுவனங்கள் இனி மல்லுக்கட்டப் போகும் இடம் அந்த விதிகள். அதைப் பார்க்க, கலிஃபோர்னியா அரசு வாரந்தோறும் வெளியிடும் ஒழுங்குமுறை அறிவிப்பு ஏட்டில் பொதுச் சுகாதாரத் துறையின் பெயரைத் தேட வேண்டும். வரைவு வெளியானால் பொதுமக்கள் கருத்துக்குக் குறைந்தது 45 நாள் தருவார்கள், தனிமனிதர் எழுதும் கடிதமும் பதிவில் சேரும்.