சென்னையிலிருந்து மதுரை: விமானமா, ரயிலா?

மீனம்பாக்கத்துக்கும் மதுரை விமான நிலையத்துக்கும் வரைபடத்தில் நேர்கோடு போட்டால் ஏறக்குறைய 415 கிலோமீட்டர். சாலை வழியே 460, ரயில் பாதையில் 490-க்குச் சற்று மேல். விமான அட்டவணை ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம் என்கிறது. வானில் இருப்பது ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான். எழும்பூரில் கிளம்பும் வந்தே பாரத்துக்குச் சுமார் ஐந்தே முக்கால் மணி நேரம். இதோடு நிறுத்திக்கொண்டால் போட்டியே இல்லை.

ஆனால் ஓடுபாதை ஓரத்தில் யார் குடியிருக்கிறார்கள்? நான் பெரம்பூர்க்காரன். மீனம்பாக்கம் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். பெட்டி ஒப்படைக்கும் கவுண்டரைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள் என்பதால் ஒன்றரை மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். பிறகு பயணம் ஒன்றேகால் மணி. மதுரையில் பெட்டி வரக் கால் மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து நகருக்குள் வர இன்னும் 12 கிலோமீட்டர். அவனியாபுரம் நெரிசலில் அதற்கே அரை மணி நேரம். கூட்டினால் ஐந்து மணி நேரத்தைத் தொடுகிறது.

ரயிலென்றால் எழும்பூருக்கு அரை மணி நேரம், நடைமேடையில் கால் மணி நேரம். மதுரை ஜங்ஷனில் இறங்கி டவுன்ஹால் ரோட்டில் நேராக நடந்தால் மீனாட்சியம்மன் கோயில். மொத்தம் ஏழு மணி நேரத்துக்குள் அடங்கும். ஆக, விமானம் மிச்சப்படுத்துவது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. அதற்காகப் பெல்ட்டைக் கழற்றி மாட்டி, மூன்று வரிசையில் நின்று, விமானம் வரை கொண்டுபோகும் பேருந்தில் ஏறி இறங்கியாக வேண்டும். ஒரு முறை, விமானத்தின் படிக்கட்டுக்கு எதிரிலேயே அந்தப் பேருந்தில் கதவு திறக்காமல் பதினைந்து நிமிடம் நின்றோம். கைக்குழந்தையோடு வந்த பாட்டி, "நடந்தே போயிருக்கலாம்" என்றார். ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒரே இருக்கை, படிக்கலாம், தூங்கலாம்.

வைகை எக்ஸ்பிரஸையும் மறக்க முடியாது. 1977 ஆகஸ்ட் 15 அன்று மீட்டர் கேஜில் ஓடத் தொடங்கியபோதே சுமார் ஏழு மணி நேரத்தில் வந்துவிட்டது. அகலப் பாதையான பிறகும் ஏழு மணி நேரத்துக்கு மேல்தான் ஆகிறது. நிறுத்தங்கள் கூடியதும் ஒரு காரணம். டிக்கெட் விலையைப் பார்த்தால் இன்றும் அதுதான் மலிவு.

இரவுப் பேருந்துக்கு எட்டு மணி நேரம். வடசென்னைக்காரர்களுக்குக் கிளாம்பாக்கம் போவதே தனிப் பயணம் என்பதால் அதை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

விமானம் யாருக்கு? வெளிநாட்டிலிருந்து சென்னையில் இறங்கி, அங்கேயே வேறு விமானம் மாறுபவர்களுக்கு. காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டியவர்களுக்கு. பல்லாவரம், குரோம்பேட்டைக்காரர்களுக்கு முக்கால் மணி நேரம் கூடுதல் லாபம்.

காலை ஏழரை முகூர்த்தம் என்றால் என் தேர்வு பாண்டியன் எக்ஸ்பிரஸ். இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு எழும்பூரில் ஏறிப் படுத்தால், விடியும் முன்பே மதுரை. அந்த நேரத்தில் முதல் விமானத்துக்குப் போகிறவர் மீனம்பாக்கத்துக்கு டாக்சி தேடிக்கொண்டிருப்பார்.