சோயா ஃபார்முலா குடிச்சு வளர்ந்த எங்க பாப்பா: சேலத்துலருந்து ஒரு அம்மாவோட அனுபவம்

பொறந்து ரெண்டு வாரம்கூட ஆகல, மஞ்சக்காமாலை எறங்கவே இல்ல, பால் குடிச்சா வாந்தி, எந்நேரமும் துவண்டே கெடந்தா. ரத்தத்துல கேல்ட் என்சைம் டெஸ்ட் எடுத்து பாத்துட்டு கேலக்டோசீமியா, தாய்ப்பால்கூட ஆகாதுன்னுட்டாரு டாக்டர். பால்ல இருக்கற லாக்டோஸ்ங்கற சக்கரை உடைஞ்சு வர்ற கேலக்டோஸை மாத்தற அந்த கேல்ட் என்சைம் இவளுக்கு இல்ல, அது தேங்கிப்போயி ஈரலையும் கண்ணையும் கெடுத்துருமாம். அன்னைக்கே சோயாலருந்து செஞ்ச, லாக்டோஸ் இல்லாத டின் பவுடர், அதான் சோயா ஃபார்முலா, ஆரம்பிச்சோம். கொஞ்ச நாள்ல வாந்தி நின்னு, எடையும் ஏற ஆரம்பிச்சுது, அத பாத்தப்பதான் எனக்கு உசுரே வந்துச்சு.

கலக்கறதுதான் பெரிய வேலை. எங்க டின்ல தலைதட்டுன ஒரு ஸ்கூப்புக்கு 30 மில்லி தண்ணி. பவுடர்ல கிருமி இருக்கலாம்ங்கறதால கொதிக்க வச்ச தண்ணி 70 டிகிரிக்கு கீழ எறங்கறதுக்குள்ள கலந்து, பாட்டிலை பச்சத்தண்ணில நிறுத்தி ஆத்தி, கைல ஒரு சொட்டு விட்டு பாத்துட்டுதான் குடுப்பேன். வேகமா குலுக்குனா நுரை தள்ளிரும், அது அடங்காம குடுத்தா வயிறு உப்பி ராத்திரி பூரா அழுவா, அதனால மெதுவா சுத்தி சுத்திதான் கலக்கணும். ஆய் கொஞ்சம் கெட்டியா போனா, மத்தபடி தொந்தரவு இல்ல.

மாமியார் வீடு ஏற்காடு. அந்த உயரத்துல தண்ணி 95 டிகிரி பக்கமே கொதிச்சிரும், ஆனா நமக்கு 70 போதுமே. அங்க டின் தீந்து ஒருதரம் 20 கொண்டை ஊசியும் எறங்கி சேலம் அஸ்தம்பட்டி வந்து வாங்குனோம், அதுலருந்து எப்பவும் ஒரு டின் எக்ஸ்ட்ரா இருக்கும். "ஏன் கண்ணு, ஒரு சங்கு பசும்பால் ஊத்துனா என்ன ஆயிரும்"னு கேட்ட மாமியார், டாக்டர்ட்ட ஒருதரம் கூட வந்து கேட்டப்பறம் மோர்க்கையோடகூட பாப்பாவ தூக்கறதில்ல.

எல்லா குழந்தைக்கும் இது வேணாங்க, தாய்ப்பால் ஒத்துக்கற குழந்தைக்கு அதுதான். பசும்பால் அலர்ஜி உள்ள குழந்தைங்கள்ல சிலதுக்கு சோயாவும் ஒத்துக்காது, அதனால ஆறு மாசத்துக்குள்ள பெரும்பாலும் புரோட்டீனை நல்லா உடைச்ச வேற ஃபார்முலாதான் எழுதுவாங்க. குறைமாசக் குழந்தைக்கு எலும்பு பலம் குறையலாம்னு சோயா குடுக்கறதில்ல. கடைல விக்கற சோயா பால் பாக்கெட் வேற, இது வேற, இதுல குழந்தைக்கு வேண்டிய சத்தான மெத்தியோனின், கார்னிடின், இரும்பு, கால்சியம்லாம் சேத்துருப்பாங்க. பொம்பளப்புள்ள சீக்கிரம் வயசுக்கு வந்துரும்னு பயமுறுத்துனாங்க, அதுக்கு தெளிவான நிரூபணம் இல்லன்னு டாக்டர் சொன்னாரு.

இப்ப சோறு, பருப்பு, முட்டைன்னு எல்லாம் சாப்படறா, பால் சாமான்தான் ஆகாது. பேக்கரி ரஸ்க்ல பால் பவுடர் இருக்கும், மாத்திரைலகூட லாக்டோஸ் சேப்பாங்க, மெடிக்கல்ல மருந்து வாங்கறப்ப அத கேக்காம காசு குடுக்காதீங்க.