கோல்ட்ப்ளேயின் பசுமைச் சுற்றுப்பயணம்: ஐந்துக்கு மூன்றரை

சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் ஊர் ஊராகப் போய்ப் பாட வழி கண்டுபிடிக்கும்வரை பயணம் கிடையாது என்று 2019இல் அறிவித்த பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான கோல்ட்ப்ளே, 2022 மார்ச்சில் கோஸ்டாரிகாவில் உலகச் சுற்றுப்பயணத்தைத் தொடங்கியபோது, நேரடி கார்பன் உமிழ்வை 2016-17 பயணத்தில் இருந்ததில் பாதியாகக் குறைப்பதாக வாக்களித்தது. நிகழ்ச்சி ஒன்றுக்கான உமிழ்வு 59 சதவீதம் குறைந்துவிட்டதாக 2024 ஜூனில் கணக்கும் வெளியிட்டது. சீட்டு வாங்குகிறவர் இந்த வாக்குறுதிக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார் என்பதால், பாட்டை விட்டுவிட்டு அதை மட்டும் இங்கே எடைபோடுகிறேன்.

முழு மதிப்பெண் பெறுவது, ரசிகர்கள் கையில் கட்டிக்கொள்ளக் கொடுக்கும் ஒளிரும் கைப்பட்டை. தாவரப் பொருளில் செய்யப்பட்ட இப்பட்டைகளை நிகழ்ச்சி முடிந்ததும் திரும்பப் பெற்று, கிருமி நீக்கி, மின்னேற்றி, அடுத்த ஊரில் மீண்டும் கொடுக்கிறார்கள். எந்த ஊர் எத்தனை சதவீதம் திருப்பித் தந்தது என்று திரையில் காட்டி ஊர்களுக்குள் போட்டி மூட்டிவிட்டது நல்ல தந்திரம். சராசரியாக 86 சதவீதம் திரும்பி வந்ததாகச் சொல்கிறார்கள்.

பழைய மின்கார் பேட்டரிகளைக் கோத்து மேடைக்கு மின்சாரம் தேக்கிவைக்கும் ஏற்பாடும் பாராட்டத்தக்கதே. ஆனால் ரசிகர்கள் குதித்தும் மிதித்தும் மின்சாரம் எடுக்கும் தளமும் சைக்கிளும் நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 17 யூனிட்தான் தருகின்றன. ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று ஓர் இரவும் கொஞ்சம் பகலும் ஓடினால் அது தீர்ந்துவிடும். பெரிய மேடையை நடத்த அது போதாது, சிறு மேடைக்குத்தான் ஆகும்; அதைக் கண்காட்சியாக ரசிக்கலாம், தீர்வாக எண்ண வேண்டாம். விற்கும் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு மரம் நடுவது என்பதும் எனக்கு அவ்வளவாக நிறைவு தரவில்லை, ஏனென்றால் புகை இன்றே காற்றில் கலந்துவிடுகிறது, கன்று மரமாகப் பல ஆண்டுகள் ஆகும்.

பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த 59 சதவீதம் மேடைத் தயாரிப்பு, சரக்கு, குழுவினரின் பயணம் ஆகியவற்றைப் பற்றியது. அரங்கத்துக்கு வந்துபோகும் கூட்டத்தின் பயணம் அதில் சேராது. 2025 ஜனவரியில் அகமதாபாத் நரேந்திர மோடி மைதானத்தில் ஒரே இரவில் லட்சம் பேருக்கு மேல் கூடினார்கள். மேற்கு ரயில்வே மும்பையிலிருந்து சிறப்பு ரயில் விட்டதும், மெட்ரோ நள்ளிரவு தாண்டி ஓடியதும் கைப்பட்டையைவிடப் பெரிய உதவிகள் என்பேன்.

இந்த இடத்தில் இங்கிலாந்தின் மாசிவ் அட்டாக் இசைக்குழு ஒரு படி மேலே. 2024 ஆகஸ்ட் 25 அன்று தங்கள் சொந்த ஊரான பிரிஸ்டலில் டீசல் ஜெனரேட்டர் இல்லாமல் முழுக்கப் பேட்டரியிலேயே நிகழ்ச்சி நடத்திய அவர்கள், உள்ளூர்க்காரர்களுக்கு முதலில் சீட்டு விற்று, கார் நிறுத்த இடமே தராமல், இரவு திரும்பிச் செல்ல ரயிலும் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒரு நாள், ஓர் ஊர் என்பதால் அது சாத்தியமாயிற்று என்று வாதிடலாம். கண்டம் தாண்டும் பயணத்தில் அத்தனையும் முடியாதுதான். ஆனால் ஜெர்மனியில் பல நிகழ்ச்சிகளில் கிடைப்பதுபோல, நுழைவுச் சீட்டிலேயே நகரப் பேருந்து, ரயில் கட்டணத்தைச் சேர்த்துவிடுவது எந்த ஊரிலும் முயன்று பார்க்கக்கூடியது. அதைச் செய்யும் நாளில் மீதி ஒன்றரை மதிப்பெண்ணில் ஒன்றைக் கொடுத்துவிடுவேன். மரக்கன்றுக்கான அரையை அப்போதும் கொடுப்பதாக இல்லை.