லாக்ரோஸ்: இரண்டாம் பிரிவா, மூன்றாம் பிரிவா?

லாக்ரோஸ் என்பது வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து, எறிந்து, கோல் போடும் ஆட்டம். அமெரிக்கக் கல்லூரி லாக்ரோஸ் என்றாலே மேரிலாந்து, வர்ஜீனியா, டியூக் என்று முதல் பிரிவுப் பெயர்கள்தான் அடிபடும். சின்னக் கல்லூரிகளுக்கென்று, அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ இன்னும் இரண்டு கோப்பைகள் வைத்திருக்கிறது: டிவிஷன் 2, டிவிஷன் 3. வழக்கமாக மே கடைசியில், மெமோரியல் டே விடுமுறைக்கு முந்தைய ஞாயிறன்று, ஒரே மைதானத்தில் இரண்டு ஆண்கள் ஃபைனலும் அடுத்தடுத்து நடக்கும். ஒன்றைப் பார்க்கத்தான் நேரமிருக்கிறது என்றால்? என் ஓட்டு மூன்றாம் பிரிவுக்கு.

கணக்குப்படி பார்த்தால் இது கொஞ்சம் ஏறுமாறான தேர்வுதான். இரண்டாம் பிரிவில் ஆட்டத்துக்காக ஸ்காலர்ஷிப் தரலாம். பல காலமாக ஓர் அணிக்கு 10.8 முழு ஸ்காலர்ஷிப் என்பது உச்சவரம்பு, அதைப் பல பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். மூன்றாம் பிரிவில் ஆட்டத்துக்கென்று சல்லிக்காசு கிடையாது. ஆனால் அங்கேதான் கூட்டம் அதிகம். 200க்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஆடுகின்றன. இரண்டாம் பிரிவில் அதில் பாதிகூட இல்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. இரண்டாம் பிரிவில் ஜெயித்தவர்கள் தங்குவதில்லை. மெரிமாக் 2018, 2019 இரண்டு ஆண்டும் கோப்பையை வாங்கியது, அதே 2019இல் முதல் பிரிவுக்குப் போய்விட்டது. ஆறு முறை சாம்பியனான லெ மோய்ன் 2023இல் கிளம்பியது, மெர்சிஹர்ஸ்ட் 2024இல். ஐந்து கோப்பைகள் வென்ற லைம்ஸ்டோன் பணநெருக்கடியில் 2025இல் கல்லூரியையே மூடிவிட்டது. போட்டியாளர் ஊரைக் காலி செய்துவிட்டால் பழைய பகையை யாரிடம் தீர்ப்பது?

மூன்றாம் பிரிவில் அந்தக் கணக்கெல்லாம் பல ஆண்டுகள் கழித்தும் தீர்க்கப்படுகிறது. நடுவில் நிற்பது சால்ஸ்பரி, மேரிலாந்தின் கிழக்குக் கரையோர அரசுப் பல்கலைக்கழகம். 1994 முதல் 2023 வரை 13 பட்டங்கள். கோச் ஜிம் பெர்க்மன் 600 வெற்றிகளைத் தாண்டியவர். ஒரு கட்டத்தில் தொடர்ந்து 69 ஆட்டங்களில் தோல்வியே இல்லை. 2006 ஃபைனலில் கோர்ட்லேண்ட் கூடுதல் நேரத்தில் 13-12 என்று அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது.

எனக்குப் பிடித்தது ஆர்ஐடி கதை. ராச்செஸ்டர் நகரத் தொழில்நுட்பக் கல்லூரி அது. 2017 ஃபைனலில் சால்ஸ்பரியிடம் 15-7 என்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. 2021இல் ஈஸ்ட் ஹார்ட்ஃபோர்டில் மறுபடியும் அதே சால்ஸ்பரி. முழு நேரம் முடிந்தும் சமநிலை. லாக்ரோஸில் கூடுதல் நேரம் என்றால் முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடிந்தது, எதிரணிக்குப் பதில் சொல்ல வாய்ப்பே இல்லை. அந்த ஒரு கோலை ஆர்ஐடி போட்டது: 15-14. கல்லூரியின் முதல் லாக்ரோஸ் பட்டம். மறு ஆண்டும் அவர்களே. 2023இல் சால்ஸ்பரியிடம் தோற்ற டஃப்ட்ஸ், 2024இல் ஆர்ஐடியை வென்று கோப்பையை எடுத்தது.

மூன்றாம் பிரிவிலும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்லமாட்டேன். 1980 முதல் 1991 வரை ஓர் ஆண்டுகூட விடாமல் பட்டம் வென்ற ஹோபார்ட், 1993இல் இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு, சீக்கிரமே லாக்ரோஸை மட்டும் முதல் பிரிவுக்கு மாற்றிவிட்டது. (அவர்கள் போன பிறகுதான் மற்றவர்களுக்கு மூச்சு வந்தது.) 2019 சாம்பியன் கப்ரினி 2024இல் மூடப்பட்டது. ஒருபக்கச் சாய்வான ஃபைனல்களும் இரண்டு இடத்திலும் உண்டு: 2023இல் லெனோர்-ரைன் மெர்சிஹர்ஸ்டை 20-5 என்று நொறுக்கியது, 2025இல் டஃப்ட்ஸ் டிக்கின்சனை 25-8. அப்படிப்பட்ட ஆட்டங்களை இடைவேளையோடு அணைத்துவிடலாம்.

இல்லை, இரண்டாம் பிரிவுதான் பார்ப்பேன் என்பவர்கள் அடெல்ஃபையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கின் லாங் ஐலண்ட் அணி. முதல் பட்டம் 1979இல். 2001க்குப் பிறகு நெடுங்காலம் வறட்சி, 2024இல் லெனோர்-ரைனை வென்று மறுபடியும் கோப்பை. இத்தனைக்குப் பிறகும் அதே பிரிவில்தான் ஆடுகிறார்கள்.