ஆய்வேடு அச்சிட்டுக் கட்டித் தரும் பழைய வண்ணாரப்பேட்டைக் கடை: ஒரு மதிப்புரை

முனைவர் பட்ட ஆய்வேட்டை அச்சிட்டு, தைத்து, ரெக்ஸின் அட்டை போட்டுத் தரும் கடைகள் வட சென்னையில் பல உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை ஜெராக்ஸ் கடைகள். கல்யாணப் பத்திரிகைக்கும் மளிகைக் கடை பில் புத்தகத்துக்கும் இடையில் ஆய்வேட்டையும் பார்த்துக்கொள்பவை. நான் இங்கே எழுதும் கடை அந்த வகையைச் சேர்ந்ததன்று. தியாகராயா கல்லூரி மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், பழைய வண்ணாரப்பேட்டைக் குறுக்குத் தெரு ஒன்றில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் முதல் மாடியில் இயங்குகிறது. இருக்கிற கூட்டத்தையே சமாளிக்க முடியவில்லை என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் பெயரை விட்டுவிடுகிறேன். அந்தப் பக்கத்து ஆய்வு மாணவர் எவரைக் கேட்டாலும் வழி காட்டுவார்.

நான் கல்லூரி ஆசிரியர்; ஆய்வு நெறியாளரும்கூட. என்னிடம் ஆய்வு செய்பவர்கள் பல ஆண்டுகளாக இங்கேதான் ஆய்வேடு கட்டுகிறார்கள். அவர்களோடு நானும் போய் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

இந்தக் கடைக்கு வரும் ஆய்வேடுகள் ஒரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை அல்ல என்பதை முதலில் சொல்ல வேண்டும். வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, தியாகராயா கல்லூரி, பாரதி மகளிர் கல்லூரி ஆகியவற்றிலிருந்து வருபவர்கள் 1857இல் தொடங்கப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் விதிகளுக்கு உட்பட்டவர்கள். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் பட்டமேற்படிப்பு மருத்துவர்கள் கிண்டியில் உள்ள எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேடு கொடுக்க வேண்டும். மாதவரம் பால்பண்ணைப் பக்கத்திலிருந்து வருபவர்கள், 1989இல் நிறுவப்பட்டு அங்கேயே தலைமையிடம் கொண்டுள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தினர். முகப்புப் பக்க அமைப்பு, சான்றிதழ் வாசகம், அட்டை நிறம், வரியிடைவெளி என்று ஒவ்வோரிடத்திலும் நடைமுறை வேறு. இவற்றுக்கெனத் தனித்தனி மாதிரிக் கோப்புகளைக் கடைக்காரர் வைத்திருக்கிறார். புதிய சுற்றறிக்கை வந்தால் அதன் நகலை முன்பக்கத்தில் குத்தி வைக்கிறார். சுற்றறிக்கை துறைக்கு வந்து சேர்வதற்குள் இந்தக் கோப்புக்கு வந்துவிடுவதும் உண்டு, ஏனென்றால் அலுவலகம் திருப்பி அனுப்பிய ஆய்வேடு முதலில் வந்து நிற்கும் இடம் இதுதான்.

கோப்பைக் கொடுத்தவுடன் அவர் அச்சுப்பொறியைத் தொடுவதில்லை. தலைப்புப் பக்கம், நெறியாளர் சான்றிதழ், ஆய்வாளர் உறுதிமொழி ஆகிய மூன்றையும் மட்டும் முதலில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சிலோடு படிக்கிறார். பதிவு செய்த தலைப்புக்கும் அச்சேறப் போகும் தலைப்புக்கும் ஓர் எழுத்து மாறினாலும் அவர் கண்ணில் பட்டுவிடும். சென்ற பருவத்தில் என் மாணவர் ஒருவரிடம், “தம்பி, தலைப்புல ‘மற்றும்’னு இருக்குது, சார் சான்றிதழ்ல ‘உம்’ போட்டிருக்காரு. ஆபீஸ்ல வாங்க மாட்டாங்க, ஒண்ணை மாத்திட்டு வந்துடுங்க” என்று திருப்பி அனுப்பினார். அடுத்து, பொருளடக்கத்தில் உள்ள பக்க எண்களில் ஐந்தாறை எடுத்து உள்ளே சரிபார்க்கிறார். இடப்பக்க ஓரம் ஒன்றரை அங்குலம் விடப்பட்டிருக்கிறதா என்பதை அளவுகோலால் அளக்கிறார். அதற்குக் குறைந்தால் தையலுக்குள் எழுத்து போய்விடும், படிப்பவர் ஆய்வேட்டின் முதுகை உடைத்துத்தான் வரியின் தொடக்கத்தைப் பார்க்க முடியும். இதற்கெல்லாம் தனிக் கட்டணம் கிடையாது.

கால்நடை மருத்துவ ஆய்வேடுகளை அவர் கையாளும் விதத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையின் உண்மையான திறமை அங்கேதான் தெரிகிறது. நோயுற்ற விலங்கின் திசுவை மெழுகில் பதித்து, சில மைக்ரான் தடிமனுக்குச் சீவி, ஹீமட்டாக்ஸிலின், ஈயோசின் என்னும் இரு சாயங்களில் நிறமேற்றி நுண்ணோக்கியில் படமெடுப்பார்கள். முதல் சாயம் உயிரணுக்களின் உட்கருவை நீலம் கலந்த ஊதாவாகக் காட்டும். இரண்டாவது சாயம் சுற்றியுள்ள பகுதியை இளஞ்சிவப்பாக்கும். எது ஊதா, எது சிவப்பு, எது வெளிறிப்போயிருக்கிறது என்பதுதான் அந்தப் படத்தின் செய்தி. கணினித் திரை சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கலந்து நிறம் காட்டுகிறது. அச்சுப்பொறியோ சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு மைகளைக் கலந்து காட்டுகிறது. இந்த மாற்றத்தில் நிறங்கள் மாறியும் மங்கியும் போகக்கூடும். சாதாரணக் கடையில் ஒரே பொத்தானை அழுத்தி எல்லாப் பக்கங்களையும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். புறத்தேர்வாளர் கையில் போய்ச் சேரும் படத்தில் உட்கருவும் தெரியாது, அழற்சியும் தெரியாது. இங்கே படப் பக்கங்களை மட்டும் தனியே பிரித்து, 130 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்னும் தாளின் கன அளவு) பூச்சுத் தாளில் ஒரு மாதிரிப் பக்கம் எடுத்து, ஆய்வாளரைத் திரையோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். அவர் தலையசைத்த பிறகே மற்ற பக்கங்கள்.

படத்தின் அளவிலும் அதே கவனம். பக்கத்தில் பொருந்த வேண்டும் என்பதற்காகப் படத்தின் ஒரு மூலையை இழுத்துப் பெரிதாக்கினால், கீழே ‘400 மடங்கு உருப்பெருக்கம்’ என்று எழுதியிருப்பது பொய்யாகிவிடும். இவ்வளவு நீளம் என்று காட்டும் அளவுக்கோடு படத்திலேயே பதிந்திருந்தால் அதுவும் படத்தோடு சேர்ந்து பெருகும், கணக்கு தவறாது. நான் அங்கே உட்கார்ந்திருந்த ஒரு மாலையில் இளம் கால்நடை மருத்துவர் ஒருவரிடம், “டாக்டரம்மா, இந்தப் படத்துல ஸ்கேல் கோடு பாதி வெட்டுப்பட்டிருக்குது. ஒரிஜினலை மெயில்ல போட்டுடுங்க, வச்சிடுறேன்” என்றார் கடைக்காரர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். அளவுக்கோட்டின் பயனை வகுப்பில் விளக்கி அலுத்துப்போன ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள்.

தமிழ்த்துறை ஆய்வேடுகளின் சிக்கல் வேறு. கணினியில் தமிழ் எழுத்துகளைப் பதிவதற்கான தரமாக ஒருங்குறியையும் (யூனிகோட்) டேஸ்16 குறியேற்றத்தையும் தமிழ்நாடு அரசு 2010இல் அறிவித்த பின்னரும், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சுச் செய்யும் வழக்கம் டிடிபி நிலையங்களில் இன்னும் ஒழியவில்லை. அப்படித் தட்டச்சுச் செய்த பக்கம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கோப்பின் உள்ளே ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகவே பதிவாகியிருக்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் ஆய்வேட்டைத் திருத்தித் தர வேண்டும், 40ஐத் தாண்டினால் ஓராண்டு தடை, 60ஐத் தாண்டினால் பதிவே நீக்கம். பாமினிக் கோப்பைச் சரிபார்க்கும் மென்பொருளுக்கு அதில் தமிழே தெரியாது. திருடியதும் தெரியாது, திருடாததும் தெரியாது. காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கான சோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் அதை ஏற்றினாலும் உள்ளே ஒரு சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஐந்தாண்டு உழைப்பு படமாகக் கிடக்கும், அவ்வளவுதான்.

இந்தக் கடையில் பழைய எழுத்துருக் கோப்பை ஒருங்குறிக்கு மாற்றித் தருகிறார்கள். மாற்றி மென்பொருள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது என்று சிலர் சொல்லக்கூடும். அதை நம்பி அப்படியே அச்சிட்டவர்களின் துணைநூற்பட்டியலைப் பார்த்திருக்கிறேன். ஆங்கில நூற்பெயர்களையும் பாமினி என்றே கருதி மென்பொருள் மாற்றிவிடுவதால், புகழ்பெற்ற நூலின் பெயர் வாயில் நுழையாத தமிழ் எழுத்துக் குவியலாக நிற்கும். இங்கே தட்டச்சுப் பகுதியைக் கவனிக்கும் பெண்மணி அச்சுப் படியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆங்கிலம் வரும் இடங்களையும் கொம்பும் காலும் பிரிந்துபோன எழுத்துகளையும் வரிவரியாகச் சரிசெய்கிறார். பக்கத்துக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார்கள். செய்கிற வேலைக்கு இது குறைவு என்பதே என் கருத்து. சோத்கங்காவுக்கு வேண்டியபடி முகப்பு, சான்றிதழ், ஒவ்வோர் இயல் என்று தனித்தனி பி.டி.எஃப். கோப்புகளாகப் பிரித்து எண்ணிட்டும் தருகிறார்கள்.

கட்டுமானம் நேர்த்தியானது. தாள்களைச் சிறு சிறு கத்தைகளாகப் பிரித்து, துளையிட்டு நூலால் தைத்து, முதுகில் வலைத்துணி ஒட்டி, அதன்மேல் அட்டை வைக்கிறார்கள். பசையில் மயில்துத்தம் கலக்கும் பழைய வழக்கத்தை இன்னும் விடவில்லை, பூச்சி அரிக்காது. பொன்னெழுத்து பொறிக்கும் இயந்திரம் மட்டும் பழையது, முதுகில் நீளமான தலைப்பு வந்தால் கடைசி எழுத்துகள் மங்கிவிடுகின்றன. தாளும் ரெக்ஸினும் தாள் கடைகள் நிறைந்த ஆண்டர்சன் தெருவிலிருந்து வருகின்றன. கேட்காவிட்டால் 75 ஜி.எஸ்.எம். தாளைத்தான் போடுவார்கள், இருபுறமும் அச்சிடுவதாக இருந்தால் 80 அல்லது 100 வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எனக்குள்ள பெரிய குறை கோப்புகளின் பாதுகாப்பு பற்றியது. எல்லாருடைய ஆய்வேடுகளும் ஒரே கணினியின் முகப்புத் திரையில், ஆய்வாளர் பெயரிட்ட உறைகளில் மாதக்கணக்கில் கிடக்கின்றன. காத்திருப்பவர் எவரும் எட்டிப் பார்க்கலாம். மருத்துவ ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் நோயாளிகளின் வயது, நோய், சோதனை முடிவுகள் அடங்கிய பெரிய அட்டவணை இருக்கும். அதில் மருத்துவமனைப் பதிவெண்ணையும் சேர்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளிவராத ஆய்வு முடிவு இன்னொருவர் கையில் போவதும் சிறிய செய்தி அன்று. வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள் என்று கேட்டால் உடனே அழிக்கிறார்கள், உண்மைதான். கேட்காமலே செய்ய வேண்டிய வேலை அது. பணத்துக்கு ரசீதும் கேட்டால்தான் கிடைக்கிறது, அதுவும் துண்டுத்தாளில். ஆராய்ச்சி உதவித்தொகைக் கணக்கில் செலவு காட்ட வேண்டியவர்களுக்கு அது உதவாது.

இன்னொன்றையும் பதிவு செய்ய வேண்டும். ஆய்வேட்டை ‘எழுதித் தர’ ஆள் இருக்கிறது என்று காதோடு காதாகச் சொல்லும் கடைகளைக் கல்லூரி வாசல்களில் பார்த்திருக்கிறேன். இங்கே அப்படிக் கேட்டு வந்தவரை உரிமையாளர் படியிறங்கச் சொன்னதை நேரில் பார்த்தேன். நன்றியுரையை மட்டும் திருத்தித் தருவாராம். நெறியாளரைப் பாராட்டி மூன்று பக்கம் எழுதி வருபவர்களிடம் ஒரு பக்கம் போதும் என்பாராம். என் மாணவர்களிடமும் அப்படியே சொல்லட்டும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் ஆய்வியல் நிறைஞர் (எம்.ஃபில்.) பட்டத்தை நிறுத்திவிட்டதால் மெல்லிய ஆய்வேடுகளின் வரத்து நின்றுவிட்டது. ஆண்டுதோறும் நிச்சயமாக வந்த வருமானம் அது. அதே விதிகள், ஆய்வேடு கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தையும் நீக்கின. நடுத்தர அளவுள்ள முனைவர் பட்ட ஆய்வேட்டுக்குத் தைத்த கட்டு, பொன்னெழுத்து உட்பட ஒரு படிக்கு முந்நூறு ரூபாய். கருப்பு வெள்ளைப் பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய், பூச்சுத் தாளில் வண்ணப் பக்கத்துக்குப் பதினைந்து. ஸ்பைரல் கட்டு அன்றே கிடைக்கும். தைத்த கட்டுக்கு மூன்று வேலை நாள் கேட்பார்கள். பசை காயாமல் அட்டையை மூடினால் வளைந்துவிடும் என்பதால் அதில் அவசரப்படுத்திப் பயனில்லை. மருத்துவ மாணவர்கள் ஆய்வேடு ஒப்படைக்கும் மாதங்களில் மற்றவர்கள் காலையில் கடை திறக்கும்போதே போய்விடுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வரைதான் திறந்திருக்கும். பென் டிரைவைத் தவிர்த்து மின்னஞ்சலில் கோப்பை அனுப்பிவிட்டு, பதிவுத் தலைப்பு உள்ள பல்கலைக்கழகக் கடிதத்தின் நகலைக் கையில் எடுத்துச் செல்லுங்கள், அவர் முதலில் கேட்பது அதைத்தான்.