கயிறும் பதிவேடும்: ஓர் ஆசிரியர் பயிற்சி குறித்து

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், உடன் படித்தவர்களாலேயே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டப்பட்டான். அதன் பிறகு நெல்லை மாவட்டத்தில் எந்த ஆசிரியர் கூட்டத்திலும் அந்தப் பேச்சு எழாமல் இருந்ததில்லை. அரசு உதவிபெறும் எங்கள் பள்ளியின் செயலர், இந்த ஆண்டு ஒரு தனியார் நிறுவனத்தை அழைத்து, 'உள்ளடக்கிய வகுப்பறை' என்ற இரண்டு நாள் பயிற்சியை ஏற்பாடு செய்தார். ஆசிரியர் ஒருவருக்குக் கட்டணம் 1,200 ரூபாய். முதல் நாளுக்கு அந்தப் பணம் அதிகம். இரண்டாம் நாளுக்குக் குறைவு என்றே சொல்வேன்.

முதல் நாள் கொடுத்த கையேடு வேறெங்கோ, வேறு யாருக்கோ எழுதப்பட்டது. நான்கு நாட்டுக் குழந்தைகள் ஒரே வகுப்பில் அமர்ந்து தத்தம் உணவைப் பகிர்ந்துகொள்ளும் படம் அதில் இருந்தது. பயிற்றுநர்கள் இருவரும் இனிமையாகப் பேசினார்கள். 'பன்முகத்தன்மை' என்ற சொல் வந்துகொண்டே இருந்தது. சாதி என்ற சொல் மதிய உணவு வரை வரவில்லை. பொறுக்க முடியாமல் எங்கள் தமிழாசிரியர் எழுந்து, "பையன் கையில என்ன கலர் கயிறு கட்டியிருக்கான்னு பார்த்தாலே எந்தத் தெருன்னு இங்க தெரிஞ்சிரும். அதைப் பத்தி எப்பப் பேசுவீங்க?" என்றார். "அது நாளைக்கு வருது சார்" என்று பதில் வந்தது.

மறுநாள் உண்மையிலேயே வந்தது. அன்று வந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. திரையோ படங்களோ இல்லை, ஒரு வெற்று வருகைப் பதிவேடு மட்டும் கொண்டுவந்திருந்தார். கல்வி உதவித்தொகை அறிவிப்பை வகுப்பில் எப்படிச் சொல்வீர்கள் என்று எழுதித் தரச் சொன்னார். "எஸ்.சி. பிள்ளைகள் எல்லாம் எழுந்திருங்க, பேங்க் பாஸ்புக் நகல் கொண்டு வாங்க" என்று எழுதியவர்களில் நானும் ஒருத்தி. இருபது ஆண்டுகளாக அப்படித்தான் சொல்லிவந்திருக்கிறேன். நாற்பது பேர் முன்னால் ஒரு பிள்ளை எழுந்து நிற்பதன் பொருள் என்ன என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை. நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பின் அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அரசிடம் அளித்த அறிக்கை, உதவித்தொகை விவரத்தை மாணவரைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, அகர வரிசையில் அமரவைக்க வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்திருப்பதை அவர் பதிவேட்டின் பக்கங்களைக் காட்டியே விளக்கினார். (தமிழ் அகர வரிசையா ஆங்கில வரிசையா என்று எங்கள் ஆட்கள் பத்து நிமிடம் வாதாடினார்கள்.) பிறகு, வகுப்பைக் கூட்டவும் தண்ணீர் எடுத்துவரவும் கடந்த வாரம் யார் யாரை அனுப்பினீர்கள் என்று பெயர்களை எழுதச் சொன்னார். எழுதிய தாளை அவர் வாங்கிப் பார்க்கவில்லை, நாங்களே பார்த்துக்கொண்டோம்.

குறைகளும் உண்டு. அதே அறிக்கை ஆசிரியர்களின் இடமாறுதல் பற்றியும், ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கு அதிகாரியாக அமர்த்தக் கூடாது என்பது பற்றியும் பேசுகிறது. அந்தப் பக்கங்களையும், ஆசிரியர் அறையில் யார் யாருடன் அமர்ந்து சாப்பிடுகிறோம் என்ற கேள்வியையும் பயிற்சி தொடவே இல்லை. மாணவர்களின் சாதியைப் பேசுவது எங்களுக்கு எளிதாகவே இருந்தது. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஒதுக்கிய அரை மணி நேரம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பெயரை வாசிப்பதோடு முடிந்தது. எட்டாம் வகுப்பில் காதொலிக் கருவி அணிந்த மாணவி ஒருத்தி இருக்கிறாள். கரும்பலகையைப் பார்த்தபடி பாடம் நடத்தினால் அவளுக்கு என்ன ஆகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. கட்டட வேலைக்கு வந்த பீகார்க் குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சாப்பாடு நன்றாக இருந்தது. இந்தப் பயிற்சியை அழைக்க நினைக்கும் பள்ளிகள், அந்தத் தலைமையாசிரியை வருவாரா என்று முதலிலேயே கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. அவர் நடத்திய நாளை மட்டும் அடுத்த ஜூனில் மறுபடி தருவீர்களா என்று நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறோம். இரண்டு நாள் தொகுப்பாக மட்டுமே தருவதாகப் பதில் வந்திருக்கிறது.