மீடிறன் பரம்பலுக்கு லிப்ரே ஒபிஸ் கல்க்: வகுப்பு எல்லையில் கவனம்

வெள்ளவத்தையில் தனியார் வகுப்பு எடுக்கும் ஆசிரியருக்கும், கொட்டாஞ்சேனையில் கடைக்கணக்குப் பார்ப்பவருக்கும் மூலத்தரவை மீடிறன் அட்டவணையாக்க, அதாவது ஒவ்வொரு வகுப்பிலும் (20–29 போன்ற எண் இடைவெளியிலும்) எத்தனை பெறுமானங்கள் விழுகின்றன என எண்ணிக் காட்ட, லிப்ரே ஒபிஸ் கல்க் தாராளமாகப் போதும். இலவச விரிதாள் மென்பொருள். ஆனால் வகுப்பு எல்லைகளை அது தன் விதிப்படிதான் எண்ணும்; அதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

60 மாணவரின் புள்ளிகள் ஒரு நிரலில் இருக்கட்டும். மிகக் குறைந்தது 23, கூடியது 91 என்றால் வீச்சு 68. வகுப்புப் பருமன் 10 எனக் கொண்டால் 20–29 முதல் 90–99 வரை 8 வகுப்புகள். பக்கத்து நிரலில் மேல் எல்லைகளை மட்டும் எழுதுங்கள்: 29, 39 என 99 வரை. அடுத்த நிரலில் 9 கலங்களைத் தெரிவுசெய்து, ஃபிரீக்குவென்சி சார்பில் முதலில் தரவையும் பிறகு எல்லைகளையும் கொடுத்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஒன்பதாவது கலம் 99ஐ மிஞ்சியவற்றுக்கு. பின்னர் ஒருவர் 100 எடுத்தால் அங்கே தெரியும்.

மேல் எல்லைப் பெறுமானம் அந்த வகுப்புக்குள்ளேயே எண்ணப்படும். முழுவெண்களுக்குச் சிக்கலில்லை, 29.5 வந்தால் 30–39க்குள் போய்விடும். வகுப்புகளை 20–30, 30–40 என எழுதி 30ஐ இரண்டாவதில் வைக்க நினைத்தால் விடை பிழைக்கும். அதற்கு, 20க்குக் குறையாதவை, 30இலும் குறைந்தவை என இரு நிபந்தனைகளைக் கொடுத்துக் கவுண்ட்இஃப்ஸ் சார்பைப் பயன்படுத்துவதே சரி.

இதைவிட மோசமானது, சத்தமில்லாமல் விடுபடும் எண்கள். வேறிடத்திலிருந்து பிரதி செய்து ஒட்டியவை சிலவேளை எழுத்தாகவே உட்கார்ந்துவிடும். சார்பு அவற்றை எண்ணாது, எச்சரிக்கவும் மாட்டாது. கன்ட்ரோலுடன் எஃப் 8 அழுத்தினால் எண்கள் நீலமாகவும் எழுத்துகள் கறுப்பாகவும் தெரியும். கறுப்பு எண்களை 'டெக்ஸ்ட் டு கொலம்ஸ்' கொண்டு மாற்றலாம். மீடிறன்களின் கூட்டுத்தொகை 60 வராத அட்டவணையை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

எக்செலின் டேட்டா அனலிசிஸ் ஹிஸ்டோகிராம் கருவியைவிட இந்த ஃபிரீக்குவென்சி சார்பு மேல் என்பது எங்கள் கருத்து. ஒரு புள்ளியைத் திருத்தினால் அட்டவணையும் உடனே மாறும். எக்செலின் அந்தக் கருவியையோ மறுபடி ஓட்ட வேண்டும்.

வரைபில்தான் ஏமாற்றம். சலாகை வரைபில் இடைவெளியை 0 ஆக்கினால், சம வகுப்புகளுக்கு வலையுருவரையம் (ஹிஸ்டோகிராம்) கிடைக்கும். 80–99 என இரண்டை இணைத்தால் அந்தச் சலாகையை மட்டும் அகலமாக்க வழியில்லை. அதில் 6 பேர் என்றால், அகலம் இரு மடங்கு என்பதால் உயரம் பாதியாக, 3 ஆக இருக்க வேண்டும். கல்க் 6இல் நிறுத்தும். சமனற்ற வகுப்புகளை வரைபுத்தாளில் கையால் வரையுங்கள்.